இடுக்கில் ஏறிய மண்

அமரவிளையில் எங்கள் வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றபோது மணி ஐந்தே முக்கால். நான் நாலரைக்கே எழுந்து குளித்து உடுத்து, அளவு நாடா பையில் இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தாகிவிட்டது. மூன்று முறையும் இருந்தது. நான்காவது முறை பையைத் திறந்தபோது என் கணவர் சாயா கிளாஸோடு அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நாடாவுக்குக் காலா முளைக்கும்? இண்ணைக்கும் மண்ணு வாரப் போறியாக்கும்?"

நெடுஞ்சாலையோரம் சிமென்ட்டும் கம்பியும் விற்கும் கடை அவருக்கு. மண் என்றால் அவர் கணக்கில் லோடு. ஆறு வருடமாக நான் ஆற்று மண்ணைப் பிடிப்பிடியாக உறைகளில் போட்டு, எண் எழுதி, கட்டிலுக்கடியில் அடுக்கியதை அவர் பொறுத்துக்கொண்டதே பெரிய காரியம். மற்ற நாளாக இருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அன்று அதற்கு நேரமில்லை. "கொஞ்சம் வாயத் தெறந்து மிண்டாம இருங்க" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போய் ஏறினேன்.

நான் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் நடத்துகிறவள். முனைவர் பட்டத்துக்குப் பகுதிநேரமாகப் பதிந்து, இரண்டு முறை காலநீட்டிப்பு வாங்கியிருந்தேன், மூன்றாவது கிடையாது என்று எழுத்திலேயே சொல்லியிருந்தார்கள். கையில் மூன்று மாதம் மிச்சம். அன்று என் ஆய்வுக்களத்தை நேரில் பார்க்க வெளியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். ஓய்வு பெற்றவர். அவர் சரி என்று எழுதினால் ஆய்வேடு போகும், இல்லையென்றால் கட்டிலுக்கடியில் இருக்கும் மண்ணைக் கணவரின் கடைக்கு அனுப்ப வேண்டியதுதான்.

என் கேள்வி மிகச் சின்னது. நெய்யாறு அதிகபட்சம் எவ்வளவு ஏறும்? திருப்புறத்தில் ஆற்றோரம் உள்ள என் பிறந்த வீட்டு அடுக்களைக்குள் ஒரு மழைக்காலத்தில் தண்ணீர் வந்தது. கணுக்கால் அளவுதான். அரிசிப் பானையைத் தூக்கி மேடை மேல் வைத்துவிட்டு, இன்னும் எவ்வளவு வரும் என்று நான் கேட்டேன். "இதுக்கு மேல வராது" என்றார் அப்பா, தானே மடையை அடைத்தவர் போல. அம்மா தலை நிமிராமல் விளக்குமாற்றால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எப்படித் தெரியும் என்று நான் அப்பாவிடம் கேட்டதற்குப் பதில் வரவில்லை. அப்பா போய் வருடங்கள் ஆகிவிட்டன. அம்மா அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு மழைக்கும் நான் போன் செய்து, படி நனைந்ததா என்று கேட்பேன்.

அந்தப் பதிலைத் தேடித்தான் மலைக்குப் போனேன். சமவெளியில் வெள்ளம் பரந்துவிடும், அடையாளம் நிற்காது. மேலே, நெய்யாற்றில் வந்து சேரும் ஒரு சிற்றாறு அம்பூரிக்கு அப்பால் இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே நெருக்கியடித்து இறங்கும். அந்த ஊரில் அதை இடுக்கு என்பார்கள். பெருவெள்ளம் அதற்குள் வந்தால் பரவ இடமில்லாமல் மேல்நோக்கித்தான் ஏறும். சுவரிலுள்ள பொந்துகளுக்குள் நுழைந்த தண்ணீர் அங்கே சுற்றாமல் நின்று, தான் சுமந்துவந்த வண்டலைப் படியவிட்டுத் திரும்பும். ஆறு வடிந்து நூறு வருடம் ஆனாலும் வண்டல் அங்கேயே கிடக்கும். அது கிடக்கும் உயரம்தான் வெள்ளத்தின் உயரம். நான் கண்டுபிடித்த பொந்து ஆற்றுப் படுகையிலிருந்து மூன்று ஆள் உயரத்தில் இருந்தது. உள்ளே முழங்கை ஆழத்துக்கு மெல்லிய வண்டல், அடுக்கடுக்காக, இடையிடையே கரித்துண்டுகளோடு. ஓர் அடுக்குக்கு ஒரு வெள்ளம் என்று எண்ணி பதினொன்று எழுதியிருந்தேன். என் ஏட்டின் முதுகெலும்பு அந்தப் பொந்துதான்.

ஜீப்பில் என் ஆய்வு வழிகாட்டி முன்னால் உட்கார்ந்து, பேராசிரியரிடம் என் கண்டுபிடிப்பை என்னைவிடப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நெய்யாற்றின்கரைக்காரர், பேச்சில் பாதி மலையாளம். பின்னால் அவருடைய முதுகலை மாணவர்கள் ஆறு பேர், கல்லூரிச் சுற்றுலா போகிற குதூகலத்தோடு. பேராசிரியர் தமிழ்நாட்டுப் பெண்மணி, குள்ளமான உருவம். காக்கிக் கால்சட்டை, காக்கித் தொப்பி, இடுப்பில் சுத்தியல். அவர் எதற்கும் தலையாட்டவில்லை, மறுக்கவும் இல்லை. சன்னலுக்கு வெளியே வெட்டுப்பாறைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளறடை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் மலைமேல் மேகம் கருத்துக் கிடப்பதைப் பார்த்தேன். மழை வந்தால் இடுக்குக்குள் இறங்க முடியாது. இறங்க முடியாவிட்டால் இன்னொரு நாள் கேட்க வேண்டும், அந்த இன்னொரு நாள் மூன்று மாதத்துக்குள் வருமா? நான் மேகத்தைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

ரோடு முடிகிற இடத்தில் ரப்பர் தோட்டத்து வேலியருகே எங்களுக்காக ஒருவர் காத்து நின்றார். அறுபது வயதிருக்கும், ரப்பர் வெட்டுகிறவர், இடுக்குக்குப் போகும் வழி அவர் வீட்டுப் பறம்பு வழியாகத்தான். இரண்டு வருடம் முன்னால் நான் முதன்முதலாக அங்கே தனியாகப் போய் நின்றபோது, எங்கேயிருந்து வருகிறேன் என்று கேட்டவர் அவர்தான். "அமரவிளையில இருந்து வாறேன்" என்றேன். பக்கத்துச் சாயாக்கடையில் பேச்சு சட்டென்று நின்றது இப்போதும் நினைவிருக்கிறது. மலைக்காரர்களின் கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன். பொந்தில் கிடந்த மண்ணைப் பற்றிக் கேட்டபோது, "அது பண்டு வெள்ளத்துல வந்ததாக்கும். எனக்க அப்பனுக்க அப்பன் காலத்துக்கும் முன்ன" என்று தயங்காமல் சொன்னவரும் அவர்தான். அதை அப்படியே எழுதிக்கொண்டு, 'வாய்மொழிச் சான்றுகள்' என்று தனி அத்தியாயமே வைத்திருந்தேன்.

அன்று அவர் முகம் சரியில்லை. ஜீப்பிலிருந்து ஆட்கள் இறங்க இறங்க எண்ணிக்கொண்டு நின்றார். மண்வாரிகளைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார். கடைசியில் காக்கித் தொப்பி இறங்கியதும் என் அருகே வந்து ஒட்டிக்கொண்டார்.

"டீச்சரே, இது ஆராக்கும்?"

"பெரிய ஆளு. இவிய எழுதுகதுதான் முடிவு."

"இண்ணைக்குத் தோண்டுவியளா?"

"தோண்டாம பின்னே? கரி எடுத்து லேபுக்கு அனுப்பணும்."

"லேபுக்கா?" அவர் குரல் இறங்கிப்போனது. "லேபுல என்னத்தக் கண்டுபிடிப்பினும்?"

"எந்தக் காலத்துல எரிஞ்சதுன்னு சொல்லிருவினும்."

அவர் அண்ணாந்து மலையைப் பார்த்தார். மழைக்குப் பயப்படுகிறார் என்று நினைத்து எனக்கும் பயம் கூடியது. தோட்டத்துக்குள் நடக்கும்போது அவர் திடீரென்று நின்று, மேலே கடந்தல் கூடு இருக்கிறது, போன வாரம் ஒருவனைக் கொட்டி ஆஸ்பத்திரியில் கிடக்கிறான் என்றார். போன மாதம் நான் வந்தபோது அப்படி எதுவும் இல்லையே என்றேன். "இப்பம் வச்சதாக்கும்" என்றார். மாணவிகளில் ஒருத்தி அய்யோ என்று நின்றுவிட்டாள். பேராசிரியர் தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். இன்னும் கொஞ்ச தூரம் போனதும் வழியில் பாம்பு உண்டு என்றார் ரப்பர் வெட்டுகிறவர். எனக்கு ஆத்திரம் வந்தது. ஆறு வருட உழைப்பின் கடைசி நாளில் இந்த மனிதருக்கு என்ன வந்தது?

இடுக்குக்குள் இறங்கியதும் பேராசிரியருக்கு உயிர் வந்தது. படுகையில் கிடந்த உருளைக் கற்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்திருப்பதை மாணவர்களுக்குக் காட்டினார். ஆற்றின் வேகம் எந்தப் பக்கம் தள்ளியது என்று கற்களே சொல்லும், நாம் வாயை மூடிக்கொண்டு பார்த்தால் போதும் என்றார். பாறையில் ஆட்டுக்கல் போலக் குழிந்திருந்த ஒரு பள்ளத்துக்குள் தோள்வரை கையை விட்டு, அடியில் கிடந்த உருண்டைக் கல்லை எடுத்து எல்லோர் கையிலும் கொடுத்தார். சுழலில் மாட்டிய கல் பாறையைக் குடைந்து குடைந்து தானும் உருண்டையானது. என் முறை வந்தபோது என் உள்ளங்கை வியர்த்திருந்தது, கல் வழுக்கித் தண்ணீரில் விழுந்தது. வழிகாட்டி என்னை முறைத்தார்.

மாணவர்கள் பாறைச்சுவரில் கயிறு கட்டி மேல் பொந்துக்கு ஏற வழி செய்துகொண்டிருந்தபோதுதான் ரப்பர் வெட்டுகிறவர் என் கையைப் பிடித்து ஒரு பாறைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

"டீச்சரே, கேஸு ஆக்காதிய. நான் சொல்லிருதேன். அந்த மண்ணு வெள்ளம் கொண்டு வந்ததில்ல. எனக்க அப்பனும் நானும் சுமந்து கேத்தினதாக்கும்."

எனக்கு முதலில் புரியவில்லை. "எதைச் சுமந்திய?"

"மேல உள்ள மண்ண. கடவத்துல வாரித் தலையில வச்சு. சாராயம் வாற்றுகதுக்குக் கோடா ஊறல் கலக்கிப் பானையப் புதைச்சு வைக்கணும்லா. பாறையில எங்ஙன குழி தோண்ட? அதுக்காக்கும் மண்ணு. வருஷா வருஷம் மழை கழிஞ்சா மேல ஒரு அட்டி புதுசு போடுவோம்."

பதினொன்று அட்டிகள். பதினொன்று வெள்ளங்கள். நான் அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்பம் கரி?"

"அடுப்புக் கரியாக்கும்."

"பின்னே எனக்கிட்ட வெள்ளத்துல வந்ததுன்னு ஏன் சொன்னிய?"

"நீங்க அமரவிளையில இருந்து வாறேன்னு சொன்னிய. அமரவிளைன்னா செக்போஸ்டுலா? சாராயம் பிடிக்குத எக்சைஸுக்க ஆளுன்னு நினைச்சுப் போச்சு. கையில நோட்டு வேற. ஆரு சுமந்ததுன்னு கேட்டா எனக்க பேரு வரும். வெள்ளம் சுமந்ததுன்னு சொன்னா ஆரு மேல கேஸு போடுவிய?"

அவருடைய மகன் பி.எஸ்.சி. அரசு வேலைப் பட்டியலில் வந்து, போலீஸ் வெரிஃபிகேஷனுக்குக் காத்திருக்கிறானாம். வாற்றை விட்டு நாற்பது வருடம் ஆனாலும் குடும்பத்தின் பேரில் ஒரு சொல் எழுந்தால் வேலை போய்விடும் என்று அவருக்குப் பயம். "நாப்பது வருஷம் கழிஞ்சா கேஸு காலாவதி ஆவுமா டீச்சரே?" என்று கேட்டார். எனக்கென்ன தெரியும்? என் காலமே காலாவதி ஆகிக்கொண்டிருந்தது.

"என்னைப் பாத்தா எக்சைஸ்காரி மாதிரியா இருக்கு?" என்று கத்தினேன். பிறகு நான் எக்சைஸும் இல்லை போலீஸும் இல்லை, வெறும் வாத்திச்சி என்று விளக்கினேன். அவர் நம்பவும் முடியாமல் நம்பாமலிருக்கவும் முடியாமல் என் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைவிட என்மேல் வந்த வெறுப்புதான் அதிகம். ஒரு மனிதன் கண்ணைப் பார்க்காமல் பதில் சொன்னதை, குனிந்து எழுதிக்கொண்டிருந்ததால் நான் பார்க்கவேயில்லை.

மேலிருந்து வழிகாட்டி கூப்பிட்டார். ஏறினேன். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற அந்தச் சில நிமிடங்களில் நான் யோசித்தது முழுவதும் எப்படி மறைக்கலாம் என்பதைத்தான். இதை ஒளிக்காமல் சொல்கிறேன். யாருக்கும் தெரியாது. அவர் ஆயுசுக்கும் சொல்லமாட்டார். மூன்று மாதம் போதும். கரித்துண்டு ஒன்று மட்டும் இல்லாதிருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேனா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் பேராசிரியர் கையில் கண்ணாடிக் குப்பிகள் தயாராக இருந்தன, லேபுக்குப் போகிற கரி உண்மையைச் சொல்லிவிடும்.

பேராசிரியர் பொந்தின் முன்னால் மண்டியிட்டுத் தூரிகையால் மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெட்டுமுகத்தில் வட்டமாக ஒரு குழிவு தெரிந்தது. போன தடவைகளில் நான் பார்த்து, சுழல் குழி என்று படம் வரைந்த அதே குழிவு. பானையின் அடிப்பாகம் அளவு, பானையின் அடிப்பாகம் வடிவம். என் வழிகாட்டி அதைக் காட்டி, தண்ணீர் சுழன்ற அடையாளம் என்று மாணவர்களுக்கு உற்சாகமாக விளக்கத் தொடங்கினார்.

"இல்ல சார்" என்றேன். பேராசிரியர் பக்கம் திரும்பினேன். "மேடம், இது வெள்ளம் போட்டதில்ல. ஆளுங்க சுமந்துவந்து போட்டது. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. இதுல இருந்து கரி எடுக்காதீங்க."

"ஆரு பறஞ்சு?" என்று வழிகாட்டி சீறினார். "நம்மட அஞ்சாம் அத்தியாயம் முழுக்க இது ஆணு!"

யார் சொன்னது என்பதற்கு நான் பதில் சொல்லவில்லை. கீழே ரப்பர் வெட்டுகிறவர் இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அண்ணாந்து நின்றார். பேராசிரியர் தூரிகையை வைத்துவிட்டு பொந்தின் மேற்கூரையை விரலால் தடவினார். அங்கே பாறை ஓரிடத்தில் செம்பட்டையாகச் சிவந்திருந்தது. தீயில் வெந்த கல். அத்தனை தடவை வந்தும் நான் மண்ணையே பார்த்தேன், தலையைத் தூக்கவில்லை.

"சரி" என்றார். குப்பிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டார். "அப்ப உங்ககிட்ட மிச்சம் என்ன இருக்கு?"

கீழே, ஒன்றரை ஆள் உயரத்தில் இன்னொரு சின்னப் பொந்து இருந்தது. அளந்து, படம் பிடித்து, மேல் பொந்தின் ஆடம்பரத்தில் ஒதுக்கிவைத்தது. ஏட்டில் அதற்கு ஒரு பத்தி. அதைச் சொன்னேன். காட்டுங்கள் என்றார். மலைமேல் ஓர் இடி இடித்தது. மாணவர்கள் முகத்தில் குதூகலம் போய்விட்டிருந்தது, எல்லோரும் என்னைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்து இறங்கினார்கள். அழுதுவிடுவேன் போலிருந்தது.

கீழே வந்ததும் ரப்பர் வெட்டுகிறவர் மறுபடியும் என் பக்கத்தில் வந்தார். அவர் பெயரை நான் சொல்லவில்லை என்று தெரிந்ததும் முகம் தெளிந்திருந்தது. எனக்கு அந்தத் தெளிவைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது.

"கடவத்துல மண்ணு சுமக்க உங்களுக்கு வேற இடமே கிடைக்கலியா? மூணு ஆளு உயரத்துலயா கொண்டு வைக்கணும்?"

"முதல்ல கீழதான் வச்சிருந்தது" என்றார், எனக்கு உதவி செய்கிற உற்சாகத்தோடு. "நான் சின்னப் பிள்ளையா இருக்கும்பம் ஒரு வெள்ளம் வந்து பானை, சட்டி எல்லாத்தையும் அடிச்சோண்டு போச்சு. வடிஞ்சதுக்குப் பெறவு அப்பன் வந்து ஈரம் நிண்ண இடத்தப் பாத்து, அதுக்கு மேல ஒண்ணரை ஆளு உயரத்துக்கு ஏணி வச்சு அளந்தாரு. இனி எந்த வெள்ளமும் இஞ்ச ஏறாதுன்னுட்டுத்தான் மேல கேத்தினது."

நான் நின்றுவிட்டேன். ஆறு வருடமாக நான் அளந்துகொண்டிருந்ததை ஒரு சாராய வாற்றுக்காரர் ஏணி வைத்து ஒரே நாளில் அளந்திருக்கிறார். "எந்தப் பொந்து?" என்றேன். நாங்கள் போய்க்கொண்டிருந்த அதே பொந்தைக் காட்டினார். "எந்த வருஷம்? உங்களுக்கு அப்பம் எத்தனை வயசு?"

அவர் முகம் மறுபடியும் மூடிக்கொண்டது. "அது சொன்னா ஆளு தெரிஞ்சிரும். மவனுக்க வெரிஃபிகேஷன் கழியட்டும் டீச்சரே. பெறவு சொல்லுதேன்."

"இதாவது நெசந்தானா?"

"கேஸு இல்லாத ஆளுட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

சின்னப் பொந்தில் நான் கையால்தான் தோண்டினேன். மண்வாரி எடுக்கப் பொறுமையில்லை. ஒரு சாண் மெல்லிய வண்டல், ஒரே அட்டி, இடையில் கரி இல்லை, கோடு இல்லை. அதன் அடியில் விரல் எதிலோ இடித்தது. பேராசிரியர் என் கையைத் தள்ளிவிட்டுத் தூரிகையோடு குனிந்தார். ஒரு பானையின் வாய் வந்தது. அரைப் பானை, பாறை இடுக்கில் செருகியபடி, வாய்வரை வண்டல் நிறைந்து. யாரும் போட்ட மண் இல்லை அது. ஓடிவந்த தண்ணீர் பானைக்குள் நுழைந்து நின்று, சுமந்ததை இறக்கிவிட்டுப் போயிருந்தது. மாணவர்கள் சுற்றி நெருங்கினார்கள். என் வழிகாட்டியும் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது வெள்ளம்" என்றார் பேராசிரியர். முதல் முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தார். "எப்ப வந்தது?"

பானையை நிறைத்தது ஒரு மனிதரின் ஆயுசுக்குள் வந்த வெள்ளம் என்பது எனக்குத் தெரியும். அந்த மனிதர் என் முதுகுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரைக் கைகாட்டினால் என் ஏட்டுக்கு ஒரு காலமும் ஒரு சாட்சியும் கிடைக்கும்.

"தெரியாது மேடம்" என்றேன்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார், என் தோளுக்கு மேலாக அவரையும் பார்த்தார். பிறகு அளவு நாடாவைக் கேட்டார். நாடா என் கழுத்தில்தான் இருந்தது, நான் பைக்குள் தேடிக்கொண்டிருந்தேன். மழை விழத் தொடங்குவதற்குள் அளந்து முடித்து மேலே ஏறிவிட்டோம்.

ஐந்தாம் அத்தியாயத்தை முழுதாக வெட்டினேன். வாய்மொழிச் சான்றுகளை வெட்டினேன். பதினொன்று வெள்ளங்கள் ஒன்றாயின, மூன்று ஆள் உயரம் ஒன்றரை ஆனது, அதற்கு நேராகக் 'காலம்: அறியப்படவில்லை' என்று எழுதினேன். தட்டச்சு செய்த ஒவ்வொரு தடவையும் அந்த வரி என்னைக் குத்தியது. பேராசிரியர் ஒப்புதல் எழுதினார். முதன்மையான கேள்வி விடையின்றி நிற்கிறது என்றும் சேர்த்து எழுதினார். மெலிந்த ஏடு, ஆனால் பட்டம் வந்தது. கணவர் கடைப் பையன்களுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். கட்டிலுக்கடியிலிருந்த உறைகளை இன்னும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம், பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு நேரத்தில் ரப்பர் வெட்டுகிறவர் போன் செய்தார்.

"டீச்சரே, வெரிஃபிகேஷன் கழிஞ்சு. மவன் வேலைக்குக் கேறியாச்சு. இனி எழுதிக்கிடுங்க. நான் நாலாம் கிளாஸ்ல படிக்கும்பமாக்கும். ஓணப் பரீட்சை நடக்காம பத்து நாளு பள்ளிக்கூடம் அடச்சுக் கிடந்துது. எனக்க சர்ட்டிபிக்கேட்டுல வருஷம் உண்டு. பாத்துச் சொல்லட்டா?"

சொன்னார். நான் சாப்பாட்டுக் கையோடு, இடது கையால், பரீட்சைத் தாளின் பின்னால் அந்த வருடத்தை எழுதினேன். ஏடு கட்டி நூலக அடுக்குக்குப் போயாகிவிட்டது என்று அவரிடம் சொல்ல மனம் வரவில்லை. சரி என்றேன். கையைக் கழுவிவிட்டு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவும் திருப்புறத்துக்காரிதான். அந்த வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, பதினெட்டு வயது இருக்கும். அப்போது வந்த வெள்ளம் கீழே எவ்வளவு ஏறியது என்று யாராவது சொன்னால் என் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

"அம்மா, அந்த வருஷத்து வெள்ளம் நினைவுண்டா? நம்ம வீட்டுல எதுவரைக்கும் வந்துது?"

அம்மா வருடத்தை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

"அந்த வருஷம் நம்ம வீடே இல்லியே மக்கா. அந்த இடம் ஆறாக்கும். வடிஞ்ச பெறவு தெங்குல, கையெட்டாத உயரத்துல வெள்ளம் கொண்டு வந்த சவறு தொங்கிக் கிடந்துது. நாங்க பிள்ளைகளெல்லாம் போய்ப் பாத்தோம். அதுக்குப் பெறவு ஆரும் அந்த விளையை வாங்க வரல்ல. அதனாலதான் ஒனக்க அப்பாவுக்கு எளுப்ப விலைக்குக் கிடைச்சுது."

"எனக்கிட்ட ஏன் சொல்லல்ல? நான் கேட்டேனே!"

"ஆருட்டயும் சொல்லாண்டாம்னுட்டாரு. ஒருநாள் விக்க வேண்டி வந்தா ஆரு வாங்குவா?" அம்மா பெருமூச்சு விட்டாள். "அதெல்லாம் இப்பம் எதுக்குக் கேக்குத? நீ சோறு தின்னியா?"

அம்மா அடுக்களையில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.